பின்னால் பூட்டிய வண்டி

முந்திச் செல்ல வந்த வெள்ளை வேன் பாதியிலேயே தங்கிவிட்டது. எதிரே ஒரு வண்டிகூட இல்லாத நேர்ச்சாலை. வேண்டிய இடம் இருந்தது. இருந்தும் அது வெர்லினுடைய கேரவனின் பின்முனைக்கு அருகே, அதே வேகத்தில், ஒட்டிக்கொண்டு இரண்டு மைல் வந்தது. இடப்பக்கக் கண்ணாடியில் அதன் மூக்கு மட்டும் தெரிந்தது. போயேன் என்று வெர்லின் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி வீசினார். வேன் போகவில்லை. மெல்லப் பின்வாங்கி, சாலையோரப் புல்லில் இறங்கி நின்றது. கண்ணாடியில் அது பொட்டாகச் சிறுத்து மறைவதற்குள், அதிலிருந்து இறங்கிய யாரோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிவது தெரிந்தது. வாந்தி எடுப்பதுபோல.

சக்கரம் ஏதாவது ஆடுகிறதோ என்று அவருக்கு முதலில் தோன்றியது. முன்னால் பிக்கப், அதன் பின்னால் அவர் தூங்கிச் சமைத்து வாழும் இருபத்தெட்டடி கேரவன், அதற்கும் பின்னால் பழைய ஆட்டு டிரெய்லர். இப்படி இரண்டு வண்டிகளைப் பூட்டி இழுப்பவனுக்கு ஒரு பெருங்குறை உண்டு: கடைசி வண்டி கண்ணுக்கே தெரியாது. கேரவன் சுவர்போல மறைத்து நிற்கும். பெரிய வளைவுகளில் மட்டும் டிரெய்லரின் ஒரு மூலை, துருப்பிடித்த இரும்புச் சட்டங்கள், ஒரு சக்கரம் எட்டிப் பார்த்துவிட்டு மறையும். தெற்கு டகோட்டாவில் வளைவுகள் குறைவு.

டிரெய்லர் அவருடையதேதான். ஆடு வளர்த்த காலத்தில் வாங்கியது. ஒன்பது வருடமாகக் கொட்டகைக்குப் பின்னால் நின்றதில் அதன் தரைப் பலகை இடுக்குகளில் புல் முளைத்திருந்தது. அவரே புல்லைப் பிடுங்கி, டயர் மாற்றி, குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவினார். மகள் ஜனெல் கேட்டிருந்தாள். ஆறு வருடம் பேசாமல் இருந்தவள். கல்யாணத்தன்று எல்லார் முன்னாலும் மாப்பிள்ளையை வெர்லின் உதவாக்கரை என்று சொன்னதிலிருந்து பேசாதவள். இப்போது அந்த உதவாக்கரை வீட்டை விட்டுப் போய்விட்டான். வாடகை நிலத்திலிருந்து சனிக்கிழமைக்குள் எட்டு செம்மறிகளை அப்புறப்படுத்த வேண்டும், அவளிடம் வண்டி இல்லை. “டிரெய்லர் இருக்கில்ல? எடுத்துக்கிட்டு வா. வேற ஒண்ணும் பேச வேணாம்” என்றாள். வேறொன்றும் பேசாமல் அவர் கிளம்பிவிட்டார்.

மிசோரி ஆற்றைத் தாண்டியதும் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினார். இறங்கி நடந்து பின்னால் போனார். கொக்கி சரியாக இருந்தது. சங்கிலிகள், விளக்கு ஒயர், டயர், எல்லாம் சரி. சட்டங்களுக்கு நடுவே உள்ளே பார்த்தார். காலி. கழுவிய பலகை, ஓரத்தில் ஒரு கைப்பிடி பழைய வைக்கோல். காற்று நுழைந்து வெளியேறும்போது ஒரு மெல்லிய ஊதல் சத்தம். ஆட்டு மயிர் நனைந்த வாடை மட்டும், ஒன்பது வருடம் கழித்தும், போகவில்லை.

காபி வாங்கப் பங்கின் கடைக்குள் போனார். காபிக் குடுவைக்குப் பக்கத்தில் நின்றிருந்த பெண், ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடியே பேசினாள்.

“தண்ணி வேணும்னா அந்தப் பக்கம் குழாய் இருக்கு.”

“எனக்கு வேணாம்மா.”

“உங்களுக்கு இல்ல.” இப்போதும் அவள் அவரைப் பார்க்கவில்லை. “பின்னால இருக்கறதுக்கு.”

“பின்னால ஒண்ணுமில்லையே. காலி டிரெய்லர்.”

அவள் திரும்பினாள். இருபத்தைந்து வயது இருக்கும், கன்னத்தில் மாவு ஒட்டியிருந்தது. அவரை ஏற இறங்கப் பார்த்தாள், ஷூவில் அப்பியதைப் பார்ப்பதுபோல.

“உங்க வயசுக்கு இப்படிப் பேச வெக்கமா இல்ல?”

அவர் வாங்கிய காபியை மேடையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தார். கதவு அவர் பின்னால் பூட்டப்படும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு வந்த ஐம்பது மைலில் அவர் வானொலியை அணைத்துவிட்டு, ஜன்னலை விரலளவு திறந்து வைத்து, டயர்களின் இரைச்சலையும், கேரவனின் அலமாரிக்குள் தட்டுகள் உரசும் சத்தத்தையும், அதற்கெல்லாம் பின்னால், காற்று கொண்டுவந்து கொண்டுவந்து பிடுங்கிக்கொண்டு போகும் இன்னொரு சத்தத்தையும் பிரித்துக் கேட்க முயன்றபடி ஓட்டினார். சங்கிலிதான், என்று சொல்லிக்கொண்டார். சங்கிலி இத்தனை ஏற்ற இறக்கத்தோடு சத்தம் போடாது என்பது அவருக்குத் தெரியும். எட்டுக் கார்கள் முந்தின. எட்டும் பாதி வரை நிதானமாக வந்து, பிறகு உறுமிக்கொண்டு பாய்ந்தன. கடைசிக் காரின் பின்சீட்டிலிருந்த கிழவி திரும்பி, அவரைப் பார்த்து, கண்ணாடியில் காறித் துப்பினாள்.

நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றில் நிறுத்தியபோது ஒரு லாரிக்காரன் வந்து ஜன்னலை முஷ்டியால் இடித்தான். ஆள் தாடியும் தொந்தியுமாகக் கரடிபோல இருந்தான். அவன் கண்கள் மட்டும் கலங்கியிருந்தன.

“திறடா கதவ! எத்தன பேர அடைச்சு வச்சிருக்க உள்ள?”

“யோவ், காலி டிரெய்லருய்யா! வா, வந்து நீயே பாரு!”

“பாத்துட்டுத்தான்யா வர்றேன்!” லாரிக்காரனின் குரல் உடைந்தது. “நிக்கக்கூட எடமில்லாம... சீ. உன்ன மாதிரி ஆளயெல்லாம் ரோட்டுலயே வச்சுக் கொளுத்தணும்.”

வெர்லின் வண்டியைக் கிளப்பிவிட்டார். கியர் இரண்டு முறை வழுக்கியது. லாரிக்காரன் பின்னால் நின்று செல்லில் பேசுவது கண்ணாடியில் தெரிந்தது.

இருபது நிமிடத்தில் அந்தக் கவுண்டிப் போலீஸ்காரன், ஷெரீப்பின் ஆள், வந்தான். சிவப்பும் நீலமும் சுழல, அவரை ஓரம்கட்டினான். நாற்பது வயது, வெட்டிய மீசை, பேச்சு மரியாதையாகத்தான் இருந்தது.

“ரெண்டு வண்டி கட்டி இழுக்கறீங்க. மொத்தம் எத்தன அடி சார்?”

“அறுபத்தோரடி. சட்டத்துக்குள்ளதான்.”

“தெரியுது. யாரோ போன் பண்ணிட்டாங்க, பாத்துத்தான் ஆகணும். லைசென்ஸ் குடுங்க. நீங்க உள்ளயே இருங்க.”

வெர்லினுக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு போலீஸ்காரன் பார்த்துச் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். காலடிகள் சரளையில் நொறுங்கிக்கொண்டு பின்னால் போயின. டிரெய்லரின் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. கதவு திறந்தது. பிறகு ஒன்றுமில்லை. எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியவில்லை. காற்று புல்லைப் படுக்கவைத்து நிமிர்த்தியது, சுழல்விளக்கின் சிவப்பு அவர் கைமேல் வந்து வந்து போனது. கதவு மூடியது. தாழ்ப்பாள், மிக மெதுவாக, தூங்கும் பிள்ளையின் அறையைச் சாத்துவதுபோல.

அவன் ஜன்னலருகே வரவில்லை. கேரவனின் மூலையிலேயே நின்றான். தொப்பி கையில் இருந்தது. மீசை நனைந்திருந்தது.

“போ.”

“சார், என் லைசென்ஸ்...”

அவன் அதைச் சாலையில் வீசினான். “கவுண்டி எல்லை பதினோரு மைல். அதுவரைக்கும் எங்கயும் நிறுத்தாத.”

“உள்ள என்ன சார் இருக்கு?”

“என்னையா கேக்கற?” அவன் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது. சுடத் தயாராக அல்ல. பிடித்துக்கொள்ள எதுவோ வேண்டும் என்பதுபோல. “உன் பேரச் சொல்லித்தான் கூப்புடறாங்க. அத்தன பேரும்.”

எல்லையைத் தாண்டிய பிறகு, ஒரு மண்பாதை பிரியும் இடத்தில் வெர்லின் நிறுத்தினார். மாலை ஐந்தேகால். நல்ல வெளிச்சம். பின்னால் போய்க் கதவைத் திறந்தார்.

காலி.

உள்ளே ஏறினார். பலகையில் ஒரு கீறல்கூட இல்லை. அக்டோபர்க் காற்று எலும்பில் குத்தியது, வெளிச்சட்டங்கள் பனிக்கட்டிபோல இருந்தன. உட்பக்கம் கை வைத்தார். வெதுவெதுப்பு. இப்போதுதான் யாரோ முதுகைச் சாய்த்து எழுந்துபோன சூடு. அடுத்த சட்டத்தைத் தொட்டார். அதற்கடுத்ததை. நான்கு பக்கமும், நெஞ்சு உயரம் வரை, வெதுவெதுப்பு.

குதித்து இறங்கினார். கொக்கியைக் கழற்றினார், சங்கிலிகளை அவிழ்த்தார், ஒயரைப் பிடுங்கினார். சக்கரங்களுக்குக் கல் வைத்தார். திரும்பிப் பார்க்காமல் ஓட்டினார். இரண்டு மைல் கழித்துத்தான் மகளைச் செல்லில் அழைத்தார்.

“டிரெய்லர வழியில விட்டுட்டேன்மா.”

மறுமுனையில் ஒரு சின்னச் சிரிப்பு, சிரிப்பே இல்லாத சிரிப்பு.

“ஒரே ஒரு விஷயம் கேட்டேன் உன்கிட்ட. ஆறு வருஷத்துல ஒண்ணே ஒண்ணு.”

“அதுல ஏதோ... சரியில்ல ஜனெல். நேர்ல சொல்றேன். நாளைக்கே வேற எங்கயாவது இரவல் வாங்கித் தரேன், சத்தியமா.”

“உன் சத்தியம்.” அவள் மூச்சு விட்டாள். “சரி வா. தபால் பெட்டிகிட்ட நிக்கறேன். திருப்பத்த விட்டுட்டேன்னு சாக்கு சொல்லித் திரும்பிப் போயிடாத.”

சாலை வடக்கே திரும்பியது. இன்னும் பதினைந்து மைல். மேற்கே, இடப்பக்கம், சூரியன் மலைமேட்டுக்குச் சற்று மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அழுகை வந்தது, ஏனென்று தெரியவில்லை. மகளைப் பார்க்கப் போகிறார். திட்டுவாள். திட்டட்டும். முதல் மேட்டில் ஏறும்போது எஞ்சின் திணறியது. இரண்டாவது மேட்டில் இன்னும் திணறியது. டிரெய்லர் போனதில் பாரம் குறைந்திருக்க வேண்டுமே. வேகமுள் இறங்கிக்கொண்டே வந்தது.

அவர் வலப்பக்கம் பார்த்தார்.

சாய்ந்த வெயில் வண்டியின் நிழலை நீட்டி, சாலையோரப் பள்ளத்தைத் தாண்டி, மஞ்சள் புல்வெளியில் போட்டிருந்தது. பிக்கப்பின் நிழல். அதை ஒட்டிக் கேரவனின் நீளமான நிழல். அதற்குப் பின்னால் ஒரு சின்ன இடைவெளி. இடைவெளிக்குப் பின்னால், டிரெய்லரின் சட்டங்களோடு இன்னொரு நிழல்.

கண்ணாடியைப் பார்த்தார். கேரவனின் வெள்ளைச் சுவர். வெறும் சாலை.

புல்லைப் பார்த்தார். இருந்தது.

சட்டங்களுக்கு நடுவே வெளிச்சம் வர வேண்டிய இடங்களில் வெளிச்சம் வரவில்லை. அடைத்திருந்தது. தோள்கள். தலைகள். நெருக்கியடித்து நின்றார்கள், கம்பு செருகக்கூட இடமில்லாமல். எல்லாத் தலையும் ஒரே பக்கமாகத் திரும்பியிருந்தது. முன்பக்கமாக. அவர் பக்கமாக.

அவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். நிழலின் பின்கதவு திறந்துகொண்டது. அறுபது மைல் வேகத்தில், நிதானமாக. முதல் ஆள் வெளியே வந்தான். விழவில்லை. பக்கவாட்டைப் பிடித்து ஏறி, இடைவெளியைக் கடந்து, கேரவனின் கூரையில் நிமிர்ந்து நின்றான். பிறகு இரண்டாவது ஆள். பிறகு ஒருத்தி, பாவாடை காற்றில் படபடக்க.

இன்னும் மூன்று மைல்.

தபால் பெட்டியருகே ஜனெல் நிற்பாள். அவர் நிறுத்துவார். இவர்கள் இறங்குவார்கள்.

மூன்று மைலும் அவர் யோசித்தது அவ்வளவுதான்.

தூரத்தில் சிவப்பு மேல்சட்டை தெரிந்தது. ஆறு வருடத்தில் ஒல்லியாகிவிட்டிருந்தாள். வண்டியை அடையாளம் கண்டு கையை உயர்த்தினாள். முகத்தில் அவளே விரும்பாத ஒரு சிரிப்பு வந்துவிட்டது, அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. பிறகு கை அந்தரத்தில் நின்றது. அவள் கண்கள் அவர்மேல் இல்லை. கேரவனின் கூரைமேல் இருந்தன.

“உள்ள போ!” மூடிய கண்ணாடிக்குள் கத்தினார். “உள்ள போடி!”

வேகத்தைக் குறைக்கவில்லை. அவள் முகம் ஒரு கணம் ஜன்னலை நிறைத்துவிட்டுப் பின்னால் போனது. கண்ணாடியில், அவள் வீட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். ஓடு. நல்லது. ஓடு. செல் அடித்தது. எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

புல்லைப் பார்த்தார். யாரும் இறங்கவில்லை. எல்லாரும் கூரைமேல் இருந்தார்கள். வரிசையாக. அவசரமில்லாமல் நடந்து வந்தார்கள். முதல் ஆள் கேரவனின் முன்முனையில் குந்தி உட்கார்ந்து, ஒரு காலைக் கீழே, பிக்கப்பின் பக்கமாகத் தொங்கவிட்டான்.

சூரியன் மேட்டின் விளிம்பைத் தொட்டது. நிழல்கள் நீண்டன. இன்னும் நீண்டன. மங்கின.

“வேண்டாம்” என்றார் வெர்லின், சூரியனைப் பார்த்து. “இன்னும் கொஞ்சம்.”

மறைந்தது.

புல்வெளி முழுக்க ஒரே சாம்பல் நிறம். நிழல் இல்லை. எதுவும் தெரியவில்லை. எங்கே வந்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. சாலை மட்டும், நேராக, ஆளில்லாமல்.

அவர் தலைக்கு மேலே, கூரைத் தகடு ஒரு உள்ளங்கை அளவுக்கு மெல்லக் கீழே அமுங்கியது. பிறகு, அதன் பக்கத்தில், இன்னொன்று.