டவரில் ஏறியவனின் சாவி

சதுரங்கப்பட்டினத்தைத் தாண்டினால் எங்கள் புதிய எஃப்.எம். சிக்னல் தேய்ந்து இரைய ஆரம்பிக்க வேண்டும். இன்ஜினியர் காசிநாதன் போட்ட கணக்கு அது. நான் காரை ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சிக்னலுக்கு மார்க் போட்டுக்கொண்டு வந்தார். மாமல்லபுரத்தில் ஐந்துக்கு ஐந்து. சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை அருகே மூன்று. மத்தியான வெயில் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது.

கோட்டையைத் தாண்டியதும் பாட்டு தெளிவாகியது.

"இன்னாடா தாமு, தூரம் போகப் போக சூப்பரா கேக்குது?" என்று சிரித்தார்.

பாட்டு முடிந்தது. அடுத்தது வரவில்லை. யாரோ மூச்சு வாங்கினார்கள்.

எங்கள் ஸ்டேஷனில் பேச்சே கிடையாது. நாள் முழுக்கப் பாட்டு மட்டும்தான். அதனால் அறிவிப்பாளர் என்று ஒருவரையும் வேலைக்கு எடுக்கவில்லை.

"சார்... சாவி எங்கிட்டதான கீது? அப்பறம் யாரு ஆன் பண்ணது?"

எங்கள் டவரில் ஏறி வேலை பார்த்த சீனுவின் குரல். அவன் செத்து இருபது நாளாகிறது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. டவரில் ஏறுகிறவன் டிரான்ஸ்மிட்டர் அறையைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் ஏறுவான். அவன் இறங்கும்வரை யாரும் ஆன் செய்ய முடியாது. சீனுவும் அப்படித்தான் ஏறினான். பாட்டு ஏன் நின்றது என்று முதலாளி போனில் கத்தியதும், காசிநாதன் ரகசியமாகச் செய்து வைத்திருந்த மாற்றுச் சாவியால் அறையைத் திறந்து ஆன் செய்துவிட்டார். மேலே, பெல்ட் கொக்கியை மாற்றிக்கொண்டிருந்தவனின் கை ஆன்டெனாவில் பாய்ந்த மின்சக்தியில் கருகியது. நூற்றிருபது அடி உயரத்திலிருந்து விழுந்தான்.

'கால் வழுக்கிடுச்சு' என்றார் போலீஸிடம். நானும் தலையாட்டினேன். வேலைக்குப் பயந்த கோழை நான்.

"ஆஃப் பண்ணுடா!"

பண்ணினேன். ரேடியோ விளக்கு அணைந்தது. மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

காரை நிறுத்தினேன்.

தோல் பொசுங்கும் நாற்றம்.

காசிநாதனின் விரல் நுனிகள் கறுத்தன. கறுப்பு மணிக்கட்டைத் தாண்டி முழங்கைவரை ஏறியது. தோல் வெடித்து உரிந்தது. "தாமு, புடிச்சிக்கடா! வுழறேன்டா!" என்று அலறினார். சீட் பெல்ட் போட்டு, நின்ற காரில் உட்கார்ந்திருந்த மனுஷன்.

பிடிக்கக் கை நீட்டினேன்.

மடாரென்று ஒரு சத்தம்.

முதுகெலும்பு உடைந்து மடங்கியது. மண்டை பிளந்தது. ரத்தம் என் முகத்தில் சூடாகத் தெறித்தது. காரில் ஒரு கீறல்கூட இல்லை.

ஸ்டேஷனை மூடிவிட்டார்கள். போலீஸ் என்னைத் துருவித் துருவிக் கேட்டு ஒரு வாரம் கழித்துத்தான் விட்டது. அப்போதும் சாவியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. ஆனால் தூக்கம் போய்விட்டது. சீனுவின் மனைவி பூங்கொடியிடமாவது சொல்லி அழுதுவிடலாம் என்று போனேன்.

அவள் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னாள். அலமாரியில் சின்ன ரேடியோ. மூடிய ஸ்டேஷனின் பாட்டு அதில் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். காலில் விழுந்தேன். அவள் கண்ணில் பொட்டுத் தண்ணீர் வரவில்லை.

"தெரியும்ண்ணா. தெனமும் அவுரே சொல்லிகினு கீறாரு," என்றாள் கிசுகிசுப்பாக. "நீ எப்ப வருவேன்னுதான் கேட்டுகினு இருந்தாரு."

பாட்டு நின்றது.

வெளியே, கதவுப் பூட்டில் சாவி திரும்பியது.