அவிழ்த்த பிறகும்

கயிற்றை அவிழ்த்துச் சுவரில் மாட்டி ஒரு மணி நேரமாகியும் சிட்டு தலையை இறக்கவில்லை. மற்ற குதிரைகளெல்லாம் பந்தயத்துக்குப் போய்விட்ட அந்த மழை மதியத்தில், லாயத்தில் அவளுடைய மூச்சு மட்டும் ஈரத் துணியைக் கிழிப்பதுபோல இழுத்து இழுத்துக் கேட்டது. மூக்கில் வழிந்த மஞ்சள் சளியின் அழுகல் நாற்றம் வைக்கோலையும் பினாயிலையும் மீறிக்கொண்டு குதிரைக்காரனின் தொண்டைக்குள் இறங்கியது.

"நெஞ்சுல சீழ் கட்டிடுச்சுண்ணே. தலை கீழ இருந்தாத்தான் வடியும். எப்படியாவது இறக்க வைங்க," என்று காலையில் ஊசி போட்டுவிட்டுச் சொன்னார் டாக்டரம்மா. லாரிப் பயணத்தில் தலையை இறக்க விட்டீர்களா என்று முதல் நாளே கேட்டவர் அவர். விட்டேன் என்று கூசாமல் சொன்னான் இவன். காலில் சுற்றிய புதுக் கட்டுத்துணியைப் பல்லால் கிழித்துவிடுவாள் என்று பதினாறு மணி நேரம் அவள் தலையை லாரிக் கம்பியோடு ஒட்டக் கட்டிவைத்த பாவி. அந்தப் பொய்யால் வெறும் இருமல் மருந்திலேயே மூன்று நாள் வீணாய்ப் போனது.

குட்டியிலிருந்து அவன் வளர்த்தவள். பெற்ற மகளுக்குக்கூட இவ்வளவு மெனக்கெட்டதில்லை என்று மனைவி கேலி செய்வாள். பச்சைப் புல்லைத் தரையில் பரப்பினான். கெஞ்சினான். கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கியும் பார்த்தான். அவள் கண் மட்டும் உருண்டு கீழே அவனைப் பார்த்தது.

அப்போதுதான் உறைத்தது. அவள் தலை நின்றது லாரிக் கம்பியின் அதே உயரத்தில்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டான்.

"நான் தலைய இறக்க விடலம்மா. இறுக்கிக் கட்டிட்டேன். பொய் சொல்லிட்டேன்."

"இப்பவாவது அவுத்துட்டீங்களா?"

"அவுத்துட்டேம்மா... அவுத்துட்டேன்."

உடனே கிளம்பி வருவதாகச் சொன்னார்.

அதற்குள் சிட்டுவின் மூச்சு நின்றது. பின்பாகம் சரிந்து வைக்கோலில் உட்கார்ந்தது. முன்னங்கால்கள் மடிந்தன. தாங்கிப் பிடிக்கப் பாய்ந்தான். அவள் கனம் கையில் இறங்கவில்லை. முழங்கால்கள் தரையைத் தொடவில்லை. தலை அதே உயரத்தில். முன்னுடம்பு அதிலிருந்து தொங்கி, மெல்ல ஆடியது.

கயிறு சுவரில் அப்படியே இருந்தது.

கையை அவள் தாடைக்கு மேலே, வெறும் காற்றில் நீட்டினான். முடிச்சு தட்டுப்பட்டது. ஈரமாக. அவன் போடும் முடிச்சேதான். நகம் பெயர இழுத்தான். அவிழவில்லை. இன்னும் இறுகியது.

முகத்தில் வெதுவெதுப்பாக ஏதோ தெறித்தது.

செத்தவள் இருமிக்கொண்டிருந்தாள்.