முதல் மிடறு

தவலையின் வாயை வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டி, அதன்மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்து, தட்டின்மேல் அம்மிக் குழவியையும் ஏற்றிவைத்த பின்பே கௌரியம்மாள் உச்சிக்காலப் பூசைக்கு மலையேறினாள். திரும்பி வந்து அடுக்களையின் மங்கலில் குனிந்து பார்த்தபோது குழவி வைத்த இடத்தில் இருந்தது, தட்டு நகரவில்லை, துணியின் முடிச்சு அவள் விரல்கள் இட்டபடியே இருந்தது. உள்ளே நீர் மட்டும் இல்லை. தவலையின் அடியைத் தடவினாள். ஈரத்தின் சுவடுகூட இன்றி, வெயிலில் கிடந்த பாறை போல் அது சுட்டது.

குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, கொல்லைச் சுவருக்கு மேலாக அடுத்த வீட்டு எல்லம்மாளின் தலை தெரிந்தது.

"இன்னா கௌரி, மறுபடியும் குடத்தைத் தூக்கிகினு கிளம்பிட்டே? காலைலதானே பொய்கையிலேருந்து தூக்கியாந்தே? தவலையில ஓட்டை கீதா, உன் வயித்துல கீதா?"

"ஓட்டை இல்லக்கா. கவுத்துப் பாத்துட்டேன்."

"அப்போ உன் வூட்டுக்காரரு யாத்திரை போன எடத்துலேருந்து ஒட்டகம் ஒண்ணை ஓட்டியாந்து உள்ளே கட்டி வெச்சிகிறாரு. வேற இன்னா?"

எல்லம்மாள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். கௌரியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் சரவணப் பொய்கையின் படியில் கால் வைத்தபோது நடந்ததை எல்லம்மாள் பார்க்கவில்லை. பாதம் பட வேண்டிய நீர் ஒரு படி பின்வாங்கிற்று. அடுத்த படிக்கு இறங்கினாள். அங்கிருந்தும் விலகிற்று, கை பட்ட தொட்டாற்சிணுங்கி ஒடுங்குவது போல. காற்று என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு குடத்தை எட்டி எறிந்து முகந்தாள். மலைமேலோ அப்படிச் சாக்குச் சொல்லக் காற்றில்லை. குருக்கள் உள்ளங்கையில் விட்ட தீர்த்தம் உதட்டுக்குச் சேருமுன் வற்றிப்போயிற்று. கைக்குழியில் எஞ்சியது பொன்னிறமாய் ஒரு சிட்டிகை மணல். "தணிகைக் குமரா, நான் செய்த குற்றம் என்ன?" என்று அவள் முணுமுணுத்ததும் மணியோசையில் கரைந்தது.

பங்குனி இறுதியில் யாத்திரை முடிந்து திரும்பியது முதல் இப்படித்தான். யுத்தம் ஓய்ந்து, பட்டாளத்தார் இறங்கிய ரயில்களில் சாதாரண ஜனங்களுக்கும் இடம் கிடைக்கத் தொடங்கிய வருஷம் அது. அம்மையார்குப்பத்து நெசவாளரிடம் சேலை வாங்கிப் பம்பாய்க்கு அனுப்பும் வியாபாரியான அவள் கணவர் கோதண்டபாணி, துவாரகை, புஷ்கரம், மார்வாரத்து மணல்வெளியின் பழைய நகரங்கள் அனைத்தையும் காட்டி வருவதாகச் சொல்லி அவளை அழைத்துப் போனார். திரும்பிய பின் வீட்டில் பானைகள் வறண்டன; பிறகு கொல்லைக் கிணறு வறண்டது. இருபுறத்து வீடுகளிலும் கிணற்றில் வாளி ததும்ப, இவர்கள் கிணற்றில் மட்டும் கயிறு தளர்ந்து துவண்டது. வைகாசி வெயில் என்றார் கோதண்டபாணி. ஆனால் தமக்கு வேண்டிய நீரைத் தாமே விடியலில் போய் முகந்து, கூஜாவில் ஊற்றி, முன்கூடத்து மரப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். குடிக்கும்போது அவளுக்கு முதுகு காட்டிக் குடித்தார். பயணத்தில் வந்த பழக்கம் என்று அவள் எண்ணியிருந்தாள்.

அந்தப் பயணத்திலிருந்து அவள் நெஞ்சில் பொதிந்து கொணர்ந்தது கோயிலையோ கோட்டையையோ அன்று, ஒரு நண்பகலை. தோற்பை கிழிந்து நீரெல்லாம் மணலுக்குப் போனபின், நாக்கு அண்ணத்தில் ஒட்ட, கானல் மட்டுமே அலையடித்த வெளியில் ஆளற்ற ஊர் ஒன்று எதிர்ப்பட்டது. மஞ்சட்கல் வீடுகள், பூவேலை செய்த சாளரங்கள், திறந்தே கிடந்த கதவுகள். ஒட்டகக்காரன் ஊர் எல்லையிலேயே நின்றுவிட்டான். தன் மொழியில் ஏதோ நெடுநேரம் சொன்னான், கோதண்டபாணி தலையசைத்தார். ஊரின் நடுவே படிக்கிணறு. அதன் ஆழத்து இருளில் இறங்கி, இரு கைகளையும் குவித்து, ஒரு சொட்டும் சிந்தாமல் அத்தனை படியும் ஏறி வந்து, தம் உதடு வெடித்து இரத்தம் கசிந்திருக்க, அந்த நீரை அவள் வாயருகே நீட்டினார்.

"நீ மொதல்ல குடி, கௌரி."

குடித்தாள். தித்தித்தது. அதன்பின் அவர் மீண்டும் இறங்கிப் போய்த் தாம் குடித்தார். பாலையைப் பாடிய முன்னோர் ஆடவனின் அன்பை இந்த ஒரு கை நீரால்தானே அளந்தார்கள் என்று, கோயில் மண்டபத்தில் என்றோ கேட்ட விரிவுரையை நினைத்து அவள் கண் கலங்கினாள். பிள்ளையில்லாத குறை, பேசாமலே கழிந்த வருஷங்கள், எல்லாம் அந்தக் கைக்குழியில் கரைந்துபோயின. இப்போதும் பானை வறண்ட ஒவ்வொரு நாளும் அந்த நண்பகலை எடுத்துத்தான் தன் அச்சத்தைத் தணித்துக்கொண்டாள்.

மாலை வெயில் சாயும் வேளையில் தெருவாசலில் குரல் கேட்டது. அரக்கோணத்துத் துணிக்கடைக்காரர் நஜீர் அகமது, கோதண்டபாணியின் நெடுநாளைய வாடிக்கைக்காரர். கௌரியம்மாள் அடுக்களைக் கதவின் பின்னே நின்றாள்.

"தர்கா உருஸுக்கு அஜ்மீர் போறேன், அண்ணே. எங்க வூட்ல நிஷாத்தும் கூட வரேன்னு நிக்கிறா. அப்படியே அந்தப் பழைய ஊருங்களையும் பாத்துட்டு வரலாம்னு. நீங்கதான் போய் வந்தவரு, வழி சொல்லணும்."

"உக்காருங்க பாய். குண்டக்கல் வரைக்கும் தெலுங்கு ஓடும். அப்பால உங்களுக்கு இன்னா கவலை, இந்துஸ்தானி கீது. என் பம்பாய் இந்துஸ்தானியைக் கேட்டு ஒட்டகமே சிரிச்சிது."

நஜீர் அகமது உரக்கச் சிரித்தார். கோதண்டபாணியின் குரலில் உற்சாகம் ஏறிற்று.

"தண்ணிக்குக் கித்தான் பை வாங்கிக்கோங்க. காத்துல ஆட ஆட உள்ளே ஜில்லுனு கெடக்கும். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி நடங்க, ஏறிட்டா நெழல்ல படுங்க. செருப்பில்லாம மணல்ல கால் வெச்சா தோசைதான். ஒட்டகம் எழுந்திருக்கும்போது பின்னாடி சாஞ்சிக்கோங்க. அது பின்காலைத்தான் முதல்ல தூக்கும். இல்லேன்னா அதும் மூஞ்சிக்கு முன்னால போய் வுழுவீங்க."

"நிஷாத் வுழுந்தா என்னை ஊரு திரும்ப விடமாட்டா. கொஞ்சம் தண்ணி குடுங்க அண்ணே, ஸ்டேஷன்லேருந்து நடந்ததுல தொண்டை காஞ்சிபோச்சி."

பெட்டியின் பூட்டு திறக்கும் ஒலி. கூஜாவின் மூடி திருகப்படும் ஒலி. நீர் லோட்டாவில் விழுந்து, மெலிந்து, சொட்டி நின்ற ஒலி. கடைசிச் சொட்டு வரை ஊற்றிவிட்டார்.

"கூஜாவுக்குப் பூட்டா? உள்ளே பொன்னா கீது?"

"பொன்னுதான், பாய்."

குடித்து முடித்து நஜீர் அகமது எழுந்தபோது கோதண்டபாணி அவரை நிறுத்தினார். குரல் தாழ்ந்தது. கௌரியம்மாள் கதவில் காதை வைத்தாள்.

"இன்னொண்ணு. ஆளில்லாத ஊரு ஒண்ணு வரும். மஞ்சக் கல்லு வூடுங்க. நடுவுல படிக்கெணறு. தாகத்துல உசிரே போனாலும் அதுல மொதல்ல நீங்க வாய் வெக்காதீங்க."

"இன்னா, விஷமா?"

"விஷமில்லே. தித்திக்கும். அது எப்பவோ வத்திப்போன கெணறு, பாய். அதுக்குத் தாகம். மொதல்ல குடிக்கிறவங்க பின்னாடியே அது வந்துடும்னான் ஒட்டகக்காரன். வூட்டுத் தண்ணியைக் குடிக்கும். கெணத்தைக் குடிக்கும். எல்லாம் தீந்தா அவங்களைக் குடிக்கும். ரெண்டாவது குடிக்கிறவனுக்கு ஒண்ணும் ஆவாது."

"நீங்க குடிச்சீங்களா?"

"ஆங்."

"ரெண்டாவதாவா?"

கோதண்டபாணி கூஜாவின் மூடியைத் திருகி மூடும் ஒலி. மலைமேல் சாயரட்சை மணி தொடங்கியது.

"அப்போ மொதல்ல குடிச்சது யாருங்க?"

மணி ஓய்ந்தது.

"அண்ணிக்குத் தெரியுமா?" என்று நஜீர் அகமது மிக மெதுவாகக் கேட்டார். "என் நிஷாத்துக்கு நான் அப்படி ஊட்டமாட்டேன், அண்ணே. செத்தா ரெண்டு பேரும் சேந்து சாவோம்." அவருடைய செருப்பொலி படியிறங்கித் தெருவில் தேய்ந்து மறைந்தது.

கௌரியம்மாள் கதவிலிருந்து காதை எடுக்கவில்லை. மரத்தின் எண்ணெய் மணம், அடுப்புச் சாம்பலின் மணம், அவற்றினூடே எங்கிருந்தோ வெந்த கல்லின் மணம். கொடுத்தது அன்பு அன்று. சோதனை. விஷமோ என்று நாய்க்கு முதலில் போட்டுப் பார்க்கும் சோற்றுருண்டைபோல், அந்த நீரை அவளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். அந்த வெடித்த உதடு, சிந்தாத கைகள், "கௌரி" என்ற அந்தக் குழைவு. மனத்துக்குள்ளும் 'அவர்' என்றே எண்ணிப் பழகியிருந்த கணவன், அந்தக் கணத்தில் அவளுக்கு 'அவன்' ஆனான்.

அழவேண்டும் போலிருந்தது. கண்ணின் ஓரம் உறுத்திற்று. துடைத்தாள். விரலில் ஈரமில்லை. மணல். கன்னத்தின் வழியே அது மெல்லிய ஒலியோடு உதிர்ந்துகொண்டிருந்தது.

விளக்கேற்றாமல் கொல்லைக்கு நடந்தாள். வாழை மரங்கள் தாள்போல் உலர்ந்து, அசையும் காற்றில்லாதபோதும் சரசரத்தன. கிணற்றடியில் நின்றாள். பல நாளாய் வறண்டிருந்த அந்த ஆழத்தில் நீரின் ஒலி. சலசலப்பன்று; யாரோ பொறுமையாக, நெடுநேரமாக, உறிஞ்சிக் குடிக்கும் ஒலி.

"கௌரி." பின்னால் அடுக்களை வாயிலில் கோதண்டபாணி நின்றிருந்தான். அவள் அவன் பக்கம் திரும்பினாள். அவன் படியை விட்டு இறங்கவில்லை. "அங்கே நிக்காதே. உள்ளே வா."

"தெரிஞ்சிதானே குடுத்தீங்க?"

"நான் நம்பலே, கௌரி. ஒட்டகக்காரன் கதை சொல்றான்னு நெனச்சேன். சத்தியமா நம்பலே."

"நம்பலேன்னா நீங்களே மொதல்ல குடிச்சிருக்கலாமே?"

அவன் பார்வை அவளைக் கடந்து, அவள் தோளுக்குப் பின்னால், கிணற்றுச் சுவரின்மேல் போய் நிலைத்தது. முகம் வெளுத்தது. கை தானாகக் கதவைத் தேடிற்று.

"ஏங்க! எங்கே போறீங்க? என்னையும்..."

கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

அவள் கிணற்றின் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே உணர்ந்தாள். பிடரியில் குளிர். ஈரம். எத்தனையோ நாளுக்குப் பின் அவள் மேனி அறிந்த முதல் ஈரம்.

உள்ளே அவன் ஓடும் ஓசை. தெருக்கதவை இழுக்கிறான். அது நறநறவென்று தேய்ந்து நிற்கிறது. மறுபடி இழுக்கிறான். கதவுக்கு அப்பால் ஏதோ பொலபொலவென்று சரிகிறது. தெரு ஓசை அடங்குகிறது. எல்லம்மாள் வீட்டுப் பேச்சுக் குரல்கள், வண்டிச் சக்கரம், ரயிலின் கூவல், ஒன்றொன்றாய், தலைமேல் மணல் மூடுவது போல்.

பிறகு கூஜாவின் மூடி திருகும் ஒலி. கவிழ்க்கும் ஒலி. உள்ளங்கையால் அதன் அடியைத் தட்டும் ஒலி.

ஒன்றும் விழவில்லை.

"கௌரி." கதவுக்கு அப்பால், வறண்ட குரல். நாக்கு அண்ணத்திலிருந்து பிரிய மறுக்கும் குரல். அவளுக்குத் தெரிந்த தாகம் அது. "கௌரி, தண்ணி..."

அவள் திரும்பினாள். கிணற்றுச் சுவரின்மேல் இரண்டு கைகள். முழங்கைக்குக் கீழே இருள். அவை குவிந்திருந்தன. குழியில் நீர். அதில் இந்த ஊரின் அந்தி வானம் இல்லை. வெள்ளையாய் எரியும் ஒரு நண்பகல் இருந்தது. அந்தக் கைகள் அவள் வாயருகே நீளவில்லை. காத்திருந்தன.

அவள் தன் கைகளைக் குவித்தாள். அந்தக் கைகளின் நீருக்குள் அவற்றை வைத்தாள்; நீர் அவள் கைக்குழிக்கு ஏறிற்று.

அச்சம் நின்றது. தாகமும் நின்றது.

அதில் தான் உதடு வைக்காமல், ஒரு சொட்டும் சிந்தாமல் அவள் கொல்லையைக் கடந்தாள். படி ஏறினாள். கதவின்முன் நின்றாள். மரத்தின் மறுபுறம் அவன் மூச்சு உரசிக்கொண்டிருந்தது.

"ஏங்க," என்றாள், அவன் அன்று அழைத்த அதே குழைவோடு. "கொண்டாந்திருக்கேன். உங்களை மாதிரியே, கையில ஏந்தி. மொதல்ல குடிச்சவ நான்தானே. ரெண்டாவது குடிக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆவாதே."



குவிந்த அவள் கைகளில் நீர் குறையவில்லை. அவற்றைக் கீழிருந்து தாங்கியபடி, வற்றி நரம்பு புடைத்த வேறு இரண்டு கைகள், அவள் உடலுக்குப் பின்னாலிருந்து நீண்டு, சற்றும் நடுங்காமல் நின்றன.

கதவின் உட்புறத்தில், தாழ்ப்பாள் மெல்ல நகர்ந்தது.