நெட்டிலிங்கத்துக்கு ஊற்றிய தண்ணீர்

"நில்லுடி! தவலையில இன்னா?"

விடிந்தும் விடியாததுமாக மாமியார் ருக்மணியின் குரல் கேட்டு ஜெயமாலா திடுக்கிட்டு நின்றாள். மேற்கு அறைச் சன்னலை ஒட்டி, அவள் வளர்த்த மூன்று நெட்டிலிங்க மரங்கள் நெளிந்த இலைகளைத் தொங்கவிட்டபடி தூக்கம் கலையாமல் அசைந்துகொண்டிருந்தன.

"தண்ணிதான் அத்த..."

"எனக்குக் கண்ணுதான் மங்கல், காது நல்லாத்தான் இருக்குது! தெனமும் நீ தண்ணி வடிகட்டுற, கொஞ்ச நேரத்துல மரத்தடியில சளசளன்னு சத்தம். துணியில தங்கின உயிருங்களக் கெணத்துல விடாம மண்ணுல கொட்டி சாவடிக்கிறியா?"

தண்ணீரிலுள்ள சிற்றுயிர்களைக்கூட வடிகட்டிக் கிணற்றிலேயே திரும்ப விடும் அந்த ஜைனக் குடும்பத்தில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

"ஐயோ, இல்ல அத்த!"

"அப்போ மரத்துக்கு ஏது தண்ணி? கெணறு வத்திப்போய் ஆளுக்கு ஒரு கொடம்தான் குளிக்க. சொல்லேன்!"

வாசலில் மாமனார் அஜிததாஸ் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் ஜெயமாலா தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று உதிர்ந்தது.

"வாயத் தொறக்கமாட்ட! இனிமே உன் கையால ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கமாட்டேன். என் புள்ள திண்டிவனத்துலருந்து வரட்டும், உன்னப் பொறந்த வூட்டுக்கே அனுப்புறேன்!"

"சித்திர வெயில்ல உபவாசமா? அந்த மரம்கூட உன்னவிடப் பொறுமையா நிக்குது!" என்றார் அஜிததாஸ்.

பகல் முழுக்க ருக்மணி வாய் நனைக்காமல் மேற்கு அறையில் கிடந்தாள். முன்பெல்லாம் மேற்கே நிற்கும் ராஜகிரி மலைப்பாறையின் அனல் அங்கே அடுப்பாய் வீசும். இப்போது இலை நிழல்கள் அவள் முகத்தில் பச்சை ஆறாக ஊர்ந்தன. தண்ணீருக்குள் மிதப்பதுபோல் இருந்தது... நாக்கு மட்டும் வறண்டது.

சாயங்காலம் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே மரத்தடிக்குப் போனாள். ஈர மண்ணை அள்ளி முகர்ந்தாள்.

மஞ்சளும் பயத்தமாவும் மணத்தன!

"ஜெயமாலா! இது... நீ குளிச்ச தண்ணியா?"

"ஆமாத்த. அண்டாவுல நின்னு குளிச்சிட்டுப் புடிச்சு வெப்பேன். மாமா எதிர்ல எப்பிடிச் சொல்றது? அப்பறம் நீங்க மொகமே குடுக்கலியே."

"அப்போ அந்த உயிருங்க?"

"சொம்புல கயிறு கட்டி, மெல்ல கெணத்துக்குள்ள எறக்கிடுவேன். மேலருந்து கொட்டினா அதுங்களுக்கு வலிக்குமில்ல... அதான் உங்களுக்குச் சத்தம் கேட்டிருக்காது."

"எதுக்குடி இந்த மரத்துக்கு இவ்ளோ பாடு?"

"கல்யாணமாகி வந்த மொத சித்திரையில நீங்க அனல்ல தூங்காமப் பொரண்டீங்களே அத்த... அதப் பாத்துட்டுத்தான் நட்டேன்."

"பாவி நான்! கண்ணு மட்டுமா மங்கிப்போச்சு எனக்கு!"

ருக்மணி மருமகளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். இருவரும் விம்மினார்கள். சூரியன் மலை விளிம்பைத் தொட்டிருந்தது. அது மறைந்துவிட்டால் விடியும்வரை அவர்கள் தண்ணீரும் தொடமாட்டார்கள்.

"பொழுது எறங்குதும்மா... ஒரு சொம்பு தண்ணி கொண்டா."

ஜெயமாலா ஓடினாள். சொம்போடு வந்தவள் அதை நீட்டினாள். ருக்மணி வாங்கவில்லை. அண்ணாந்து வாயைத் திறந்தாள்.

"நீயே ஊத்து!"