கட்டைவிரல் விழுந்த படம்

எக்ஸ்ரேயில் ஒரு விரல் இருந்தது.

மேல்தாடைப் படத்தில் என்னென்ன தெரியும் என்பது பல் டாக்டருக்கு மனப்பாடம்: வெள்ளைக் கோடாக மூக்கின் நடுச்சுவர், முன்பற்களுக்கு மேலே உளுந்தளவு கருப்பு ஓட்டை, கடைவாய்ப் பற்களுக்கு மேலே மெல்லிய வெள்ளைக் கரை கட்டிய சைனஸ் அறை. எல்லோருக்கும் இருப்பவை. விரல் எலும்பு இருக்காது.

“அக்கா, ஃபிலிமை இவர் வாய்க்குள்ள கையால பிடிச்சாரா?”

“இல்லையே டாக்டர், ஹோல்டர்ல மாட்டித்தான் எடுத்தேன்,” என்றார் நர்ஸ். “கையால பிடிக்கச் சொல்றதைப் போன வருஷமே விட்டுட்டோமே.”

விரலின் நுனியில் ஒடிந்த ஊசித் துண்டு ஒன்று பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. அந்த ஊசியை அவன் முன்பே ஒரு படத்தில் பார்த்திருந்தான்.

அந்தத் தையல்காரம்மாவின் கட்டைவிரல். போன வருஷம் அதே நாற்காலியில் ஃபிலிமை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கன்னம் மரத்துப்போகிறது என்றார். படத்தில் சைனஸின் வெள்ளைக் கரை ஓரிடத்தில் அரித்துப் போயிருந்தது. அவன் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள்.

“இது எல்லாருக்கும் இருக்கறதுதாம்மா. பயப்படாதீங்க.”

ஏழு மாதத்தில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. கணவர் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க சொன்ன வார்த்தையிலதான் சார் கொஞ்ச நாளாவது நிம்மதியாத் தூங்கினா.”

இப்போது அடுத்த ஆளின் படத்திலும் அதே விரல். அதற்கடுத்ததில், சைனஸ் கரையைத் தொட்டுக்கொண்டு.

“மிஷின் கோளாறுதான்,” என்றான். “என்னையே ஒரு படம் எடுங்கக்கா.”

அவர் ஹோல்டரை அவன் வாய்க்குள் பொருத்திவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். பிளாஸ்டிக் வாடை. குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம். பிறகு வேறொரு வாடை, தையல் மிஷின் எண்ணெய்.

சொட்டும் சத்தம் நின்றது.

நாக்கை அசைத்தான். ஏதோ பட்டது. பிளாஸ்டிக் இல்லை.

சதை. சில்லென்று.

“அசையாதீங்க டாக்டர்,” வெளியிலிருந்து அக்கா.

வாய்க்குள், கடைவாய்ப் பல்லுக்கு மேலே, ஒரு கட்டைவிரல் ஃபிலிமை அழுத்திப் பிடித்துக்கொண்டது, படம் தெளிவாக விழவேண்டுமே என்ற கவலையோடு.