நிழல் தள்ளி விழுந்த மரங்கள்

ஜமுனாமரத்தூர்ப் பயணியர் விடுதிக்குள் செல்லியம்மாள் மூச்சிரைக்க நுழைந்தபோது, துப்பறிவாளர் கோபால்சாமி தம் உதவியாளன் ராஜாக்கண்ணுவோடு காப்பி அருந்திக்கொண்டிருந்தார்.

“எங்க வூட்டுக்காரரு வேடியப்பன ரேஞ்சர் ஆபீஸ்ல புடிச்சி வெச்சிருக்காங்க சார். சந்தன மரம் வெட்டி வித்துட்டாராம். பொழுது சாயறதுக்குள்ள ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்களாம். எங்க கொல்லைக்குப் பின்னால ஒதிய மரத்தத் தவிர இன்னா இருக்குது?”

“அங்கே மண்ணைத் தோண்டின தடம் உண்டா அம்மா?” என்று கேட்டார் கோபால்சாமி.

“எலி வளகூட இல்லீங்க!”

“மூடியிருப்பான் சார்!” என்றான் ராஜாக்கண்ணு.

“நீ மொதல்ல வாய மூடுப்பா” என்றாள் அவள்.

அலுவலகத்தில் ரேஞ்சர் பாண்டுரங்கன், கடந்த பங்குனியில் விமானத்திலிருந்து எடுத்த படத்தை விரித்தார். “இந்த பிலிம்ல பச்சை இலை செவப்பா விழும். கோடையிலயும் இலை உதிராத குட்டை மரம், சந்தனம்னு பட்டணத்து நிபுணர் குறிச்சிருக்கார். இப்ப ஆவணி. ஒண்ணையும் காணோமே, எங்க போச்சு?”

நகமளவே இருந்த தன் வீட்டையும், அதன் பின்னால் இரத்தத் துளிகளாய்த் தெரிந்த புள்ளிகளையும் செல்லியம்மாள் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கோபால்சாமியோ பூதக்கண்ணாடியை அசைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சந்தனம் திருடுறவன் வேரை விடமாட்டான், தோண்டித்தான் எடுப்பான். அங்க தோண்டின தடமே இல்லைன்னு இந்தம்மா சொல்றாங்க. இப்ப நிழலைப் பாருங்க. வீட்டு நிழல் சுவரை ஒட்டிக் கிடக்கு. குட்டை மரத்து நிழலும் அப்படித்தான் ஒட்டிக் கிடக்கணும். இந்தப் புள்ளிகளோட நிழல் தள்ளிப்போய் விழுந்திருக்கே!”

“அப்படின்னா?”

“இதெல்லாம் தரையில நிக்கலை, உயரத்துல தொங்குது. பங்குனியில ஒதிய மரம் மொட்டையா நிக்கும். அதன் உச்சியில ஒட்டி வாழுற புல்லுருவி மட்டும் உருண்டையாப் பச்சை கட்டியிருக்கும். மேலிருந்து பார்த்தவருக்கு அது சந்தனம். இப்ப ஒதியன் தழைச்சு அதை மறைச்சிருக்கு. ஆளை ஏறவிட்டுப் பாருங்க.”

ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பத் துணிந்தவர்கள், அதற்குமுன் அந்த மரத்தடியில் நின்று ஒருமுறை அண்ணாந்து பார்த்திருக்க வேண்டாமா?

ஏறிய வனக்காவலர், படத்திலிருந்த புள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு புல்லுருவிக் கொத்தை அறுத்து வீசினார். வேடியப்பன் விடுவிக்கப்பட்டான். பாண்டுரங்கன் முகத்தில் மட்டும் தெளிவு வரவில்லை.

“இதே படத்தை வெச்சித்தான் போன வாரம் இவங்க ஊர்த் தசரதனை ஜெயிலுக்கு அனுப்பினேன்” என்றார்.

கணவனின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்த செல்லியம்மாள் திரும்பினாள்.

“அத அவன் பொண்டாட்டிகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க சார். நாங்க சொல்ல மாட்டோம்.”