நேரில் வந்தவர்கள்

செண்பகம் இறந்த மூன்றாம் நாள் மாலைக்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் துக்கம் விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். வாசலில் ஒரு ஜோடி செருப்புகூடக் கிடையாது.

கூடத்தின் மூலையில் பதித்திருந்த நேரி, சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு வட்டம். அதன்மேல் ஒவ்வொருவராக ஒளியுருவாய் எழுந்து நின்றார்கள். அவரவர் குரல், அவரவர் இருமல், அவரவர் பழைய நினைவுகள். "அண்ணி கையால ரசம் சாப்பிட்டு வளர்ந்தவன் சார் நான்" என்று ஒருவர் விம்மினார். எல்லோரும் ஏழே நிமிடம் இருந்துவிட்டு, துக்க வீட்டு வழக்கப்படி போய்வருகிறேன் என்று சொல்லாமல் மறைந்தார்கள். செண்பகத்தின் கணவர் தில்லைநாயகம் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஆட்டாவிட்டாலும் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. அது அவருக்கு நன்றாகவே தெரியும். நேரியைக் கண்டுபிடித்த மகானுபாவர் அவர்தான்.

அதற்குக் காரணம் ஒரு கல்யாணப் பத்திரிகை. ஒன்பது வருடங்களுக்கு முன்பு சிதம்பரத்திலிருந்த அவர் தம்பி அம்பலவாணன், மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து தாம்பூலம் வைத்து அழைக்காமல், பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டான். கூடப்பிறந்தவனுக்குத் தபாலா? தில்லைநாயகம் கல்யாணத்துக்குப் போகவில்லை. அத்தோடு பேச்சும் நின்றது. வருவது சுலபமாக இருந்தால் யார்தான் வராமல் இருப்பார்கள் என்று அந்த ஆத்திரத்தில் தோன்றிய யோசனைதான் நேரி.

முதல் நேரிக்குத் தலையில் கவசம் மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார வேண்டும். ஒளியுரு அங்கே அழ வேண்டுமென்றால் ஆள் இங்கே அழ வேண்டும். நூறு பேர்கூட வாங்கவில்லை. தில்லைநாயகம் கவசத்தை எடுத்தார். ஆயிரம் விற்றது. ஒளியுருவுக்கு ஆளின் நினைவுகளைப் படித்துச் சேமித்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்து, ஒரு தட்டு தட்டினால் போதும், அதுவே போய்ப் பேசும் என்று ஆக்கினார். லட்சக்கணக்கில் விற்றது. கடைசியில் அந்தத் தட்டலையும் எடுத்தார். யார் வீட்டில் என்ன நடந்தது என்று நேரியே தெரிந்துகொண்டு, நேரியே ஒளியுருவை அனுப்பியது. அதன்பிறகு நேரி இல்லாத வீடோ ஆஸ்பத்திரியோ இல்லை. பொருள் நல்லதா என்று ஜனங்கள் பார்ப்பதில்லை, அது தங்களை எவ்வளவு தொந்தரவு செய்யும் என்றுதான் பார்க்கிறார்கள் என்று அவர் மேடைகளில் சொல்வார். கைதட்டுவார்கள்.

இப்போது அந்தக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து, வந்தவர்களில் எத்தனை பேருக்குச் செண்பகம் செத்ததே தெரியும் என்று யோசித்தார். யோசிக்காமலே இருந்திருக்கலாம்.

நான்காம் நாள் காலையில் அம்பலவாணன் எழுந்து நின்றான். "அண்ணே" என்றான். அதற்குமேல் பேச முடியாமல் அழுதான். பிறகு, "நான் நேர்ல வந்து அழைச்சிருக்கணும்ணே. தப்பு என்மேலதான்" என்றான்.

தில்லைநாயகம் ஆடிப்போனார். ஒளியுருதான், தம்பி அல்ல. ஆனால் ஆளின் மனதில் இல்லாததை ஒளியுரு பேசாது. அப்படித்தான் அவர் அதை அமைத்திருந்தார். அப்படியானால் தம்பி மனதில் இது இருக்கிறது! ஒன்பது வருடக் கோபம் ஏழு நிமிடத்தில் கரைந்துபோயிற்று. இனி இந்த உலகத்தில் அவருக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான். அவனைப் பார்த்தே ஆகவேண்டும். கருமாதி முடியும்வரை இன்னொருவர் வீட்டுப் படி ஏறக்கூடாது என்பதால் பதினாறாம் நாள்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். மறுநாள் முதல் ரயிலில் சிதம்பரம் கிளம்பினார்.

தம்பி மனைவி வேதவல்லி கம்பிக் கதவுக்குப் பின்னாலிருந்தே, "வாங்க மாமா" என்றாள். திறக்கவில்லை. வாசலிலும் ஒரு நேரி பதித்திருந்தது; ஒளியுருவுக்கு யார் கதவு திறப்பார்கள்?

"கதவைத் திறம்மா. வெயில் சுடுது."

அவள் திகைத்து, கம்பி வழியாகக் கையை நீட்டி அவர் சட்டையைத் தொட்டாள். "அய்யோ, நிஜமாவே நீங்களா!"

உள்ளே சுவரில் அம்பலவாணன் படம் இருந்தது. மாலை போட்டிருந்தது. அடியில் எழுதியிருந்த தேதி நான்கு மாதத்துக்கு முந்தையது.

தில்லைநாயகம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு வாரத்துக்கு முன்னாடிகூட என் வீட்டுக்கு வந்தானேம்மா..."

"அதை எப்படி நிறுத்தறதுன்னே தெரியல மாமா. இறப்புச் சான்றிதழ் கேட்டாங்க, வாரிசுச் சான்றிதழ் கேட்டாங்க. அலைஞ்சு அலைஞ்சு விட்டுட்டேன்."

வாங்க ஒரு நொடி, நிறுத்த மூன்று மாதம். அதுவும் அவர் போட்ட விதிதான்.

வேதவல்லி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "நல்லவேளை மாமா, கடைசி நேரத்துல நீங்க கோபத்தை விட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க. ஒளியுருவா வந்தா என்ன, அனுப்பணும்னு உங்களுக்குத் தோணிச்சே! அவருக்கு அது போதும்."

அவர் அனுப்பவில்லை. தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்ததே அவருக்குத் தெரியாது. போய்வந்த விவரத்தை ஆரம்பத்தில் நேரி வாராவாரம் எழுதி அனுப்பும். அதை யாரும் படிப்பதில்லை, தொந்தரவாக நினைக்கிறார்கள் என்று தெரிந்ததும் அதையும் அவர்தான் எடுக்கச் சொன்னார். உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"நான் அன்னைக்கு என்னம்மா பேசினேன்? ஒரு தடவை சொல்லேன்."

வேதவல்லி அவரை விநோதமாகப் பார்த்தாள். "பத்திரிகை தபால்ல வந்தா என்னடா, நான் கிளம்பி வந்திருக்கணும்டான்னு அழுதீங்களே."

வாஸ்தவம். அவர் மனதில் இருந்ததுதான் அது. ஒன்பது வருடம் அவர் வாயில் வராத வார்த்தை.

"அதுக்கு அவன் என்ன சொன்னான்?"

"உங்க கையைப் பிடிக்கப் பார்த்தார்."